பன்னிரண்டரை மணி மிஷின்

மிஷின் பார்க்க வந்தவங்கதானே? வாங்க அக்கா. குனிந்து வாங்க, நிலை தலையில் இடிக்கும். அம்மா கேரட் கழுவுகிற இடத்துக்கு வேலைக்குப் போயிருக்கிறாள். பதினொரு மணிக்கு வந்துவிடுவாள். அதுவரைக்கும் உங்களை உட்காரவைத்து டீ கொடுக்கச் சொன்னாள். வாயைத் திறக்காதே என்றும் சொன்னாள். டீ கொடுத்துவிடுகிறேன். மற்றது என்னால் ஆகாது.

இதுதான் தையல் மிஷின். தொட்டுப் பாருங்க, ஒன்றும் செய்யாது. எதுவுமே செய்யாது, அதுதான் பிரச்சினை. அந்தச் சக்கரத்தைச் சுற்றுங்க. இன்னும் அழுத்தி. சுற்றவில்லை இல்லையா? சுற்றாது. மணி இப்போது ஒன்பதே முக்கால். இது பன்னிரண்டரைக்குத்தான் எழுந்திருக்கும், இரண்டு மணிக்கு மறுபடி படுத்துவிடும். நடுவில் அந்த ஒன்றரை மணி நேரம் ஓடும் பாருங்க, வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி ஓடும். தாலுகா ஆபீஸ்கூட இதைவிட அதிக நேரம் திறந்திருக்கும்.

நீங்க வாங்கக்கூடாது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. எனக்குப் பொய் சொல்ல வராது, அவ்வளவுதான். அதனால்தான் நிறையப் பேருக்கு என்னைப் பிடிக்காது.

என் பேர் சுகிர்தா. பதினேழு வயது. பதினொன்றாம் வகுப்பில் ஆகஸ்டோடு நின்றுவிட்டேன். யாரும் துரத்தவில்லை, காய்ச்சல் இல்லை, காதல் இல்லை. எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். ஒரு நாள் கணக்கு வகுப்பில் உட்கார்ந்திருந்தேன், இன்னும் ஒன்றரை வருஷம் இதே பெஞ்சா என்று தோன்றியது, வீட்டுக்கு வந்துவிட்டேன். மத்தியானம் என்பதால் சாப்பாட்டுக்கு வந்ததாக அம்மா நினைத்துக்கொண்டாள். மூன்று நாள் கழித்துத்தான் கேட்டாள். என்ன செய்யப் போகிறாய் என்றாள். மிஷின் இருக்கிறதே, தைக்கப் போகிறேன் என்றேன். உண்மையில் அந்த நிமிஷம்வரை மிஷினைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. எதிரில் இருந்தது, சொல்லிவிட்டேன்.

அம்மா முன்பு ஒரு பங்களாவில் வேலை பார்த்தாள். அதை விற்றுவிட்டுப் போனபோது பங்களாக்காரம்மா கொடுத்துவிட்டுப் போன மிஷின். நூறு வருஷம் இருக்கும் என்கிறார்கள். எனக்கு ஜாக்கெட், சுடிதார் எல்லாம் தைக்கப் பிடிக்காது. ஆள் வந்து நிற்பார்கள், இடுப்பு பிடிக்கிறது என்பார்கள், நீங்க குண்டாகிவிட்டீங்க என்று நான் சொல்லிவிடுவேன். ஒரு தடவை சொல்லியும்விட்டேன். ரஜாய்ப் போர்வைதான் நல்லது. ரஜாய்க்கு இடுப்பு இல்லை. ஊட்டிக் குளிருக்கு எல்லா வீட்டிலும் வேண்டும். மேலே துண்டுத்துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்து, நடுவில் பழைய கம்பளி, அடியில் பழைய சேலை, மூன்றையும் சேர்த்து நெடுக வரிவரியாகத் தையல் போட வேண்டும். அவ்வளவுதான்.

துண்டுத்துணி பஜாரில் யூனிபார்ம் தைக்கிற கடையில் சும்மா கொடுத்தார்கள். மெரூன், நீலக் கட்டம், சாம்பல். அம்மா பார்த்துவிட்டு, "நீ பள்ளிக்கூடத்துல உக்காரலை, இனி பள்ளிக்கூடம் உன் மேல படுத்துக்கும்" என்றாள். அம்மாவுக்கு இப்படித்தான் பேச வரும். நான் அவள் பெண் என்பதை யாரும் சந்தேகப்பட முடியாது.

அன்றைக்கே கெடுவும் வைத்தாள். ஜனவரி இருபது, காலை பதினொரு மணி, அவள் வேலையிலிருந்து வருகிற நேரம். அதற்குள் ஒரு முழு ரஜாய் முடித்துக் கட்டிலில் விரித்துக் காட்டினால் மிஷினும் நானும் இங்கேயே இருக்கலாம். இல்லாவிட்டால் மிஷினை விற்றுவிடுவாள், நான் கோயமுத்தூரில் சித்தி வீட்டில் இருந்துகொண்டு டுடோரியலுக்குப் போக வேண்டும். சித்தி வீட்டில் ஆறு மணிக்கு எழுப்பி யோகா செய்யச் சொல்வார்கள். நான் ஒத்துக்கொண்டேன். ஐந்து மாதம் இருந்ததே.

இன்றைக்கு என்ன தேதி? ஆமாம். இருபது.

அதோ கட்டிலில் சுருட்டி வைத்திருக்கிறேனே, அதுதான் ரஜாய். இன்னும் ஏழு வரித் தையல் பாக்கி. ஏழே ஏழு. ஓடுகிற மிஷினில் அரை மணி நேர வேலை. நீங்க வாங்கக்கூடாது என்று சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் நூல் அறுந்துகொண்டே இருந்தது. ஒரு வாரம். நூல் மட்டம் என்று நூலை மாற்றினேன். பெல்ட் தொளதொள என்று பெல்ட்டை வெட்டிச் சுருக்கினேன். சுருக்கியது ஜாஸ்தியாகிவிட்டது, புது பெல்ட் வாங்கினேன். கடைசியில் பார்த்தால் ஊசியைத் திருப்பிப் போட்டிருந்தேன். ஊசிக்கு ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், அது எந்தப் பக்கம் பார்க்க வேண்டுமோ அதற்கு எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. என் தப்புதான். தப்பென்றால் தப்பு என்று சொல்லிவிடுவேன்.

அப்புறம் மிதிக்கும்போது சக்கரம் பின்னால் சுற்றி நூல் சிக்கியது. அதுவும் பழகிவிட்டது. செப்டம்பர், அக்டோபர் எல்லாம் நன்றாகத்தான் போனது. மேல்துணி முழுக்க ஒட்டி முடித்தேன். நவம்பர் கடைசியில் பிடித்தது சனியன். காலையில் உட்கார்ந்தால் சக்கரம் நகராது. கல்லாட்டம் இருக்கும். அந்த மாதந்தான் நான் எண்ணெய் விஷயத்தில் ரொம்ப அக்கறையாக இருந்தேன், அதை நினைத்தால்தான் ஆத்திரம் வருகிறது.

யூனிபார்ம் கடைக்காரர் கொடுத்த சின்ன பாட்டில் மிஷின் எண்ணெய் தீர்ந்துபோயிற்று. தண்ணீர் மாதிரி இருக்கும் அது. அதில் என்ன சத்து இருக்கப் போகிறது? நான் நல்ல தேங்காய் எண்ணெயாக ஊற்றினேன். மரச்செக்கு எண்ணெய். சித்தி கோயமுத்தூரிலிருந்து கொண்டுவந்தது, தலைக்கே நாங்கள் அளந்துதான் தேய்ப்போம். எங்கெங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கெல்லாம் விட்டேன். இறுக ஆரம்பித்ததும் எண்ணெய் போதவில்லை என்று இன்னும் விட்டேன். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. சுலபமான வேலை என்று நினைக்காதீங்க. இந்தக் குளிரில் பாட்டிலில் எண்ணெய் மெழுகு மாதிரி உறைந்து கிடக்கும். வெந்நீரில் பாட்டிலை வைத்து, உருகும்வரை காத்திருந்து, சூடு ஆறுவதற்குள் ஓடிவந்து ஊற்ற வேண்டும். அவ்வளவு பாடுபட்டேன் இதற்கு. நன்றி கிடையாது.

ஏன் சிரிக்கிறீங்க? டீயில் சர்க்கரை ஜாஸ்தியா?

ஊட்டியிலிருந்து மெக்கானிக்கைக் கூப்பிட்டோம். பஸ் பிடித்து, வழி கேட்டு, அவர் வந்து சேர மணி ஒன்று. ஜன்னல் வழியாக வெயில் சரியாக மிஷின் முதுகில் விழுந்துகொண்டிருந்தது. உட்கார்ந்து ஒரு மிதி மிதித்தார். ஓடியது. "நல்லாத்தானே பாப்பா ஓடுது" என்றார். காலையில் ஓடாது அண்ணே என்றேன். "காலையில நானுந்தான் ஓட மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றைக்குத்தான் எனக்கு இது விளங்கியது. இந்த மிஷினுக்கு நேரம் இருக்கிறது. பங்களாவிலேயே வளர்ந்தது இல்லையா, அந்தம்மா பன்னிரண்டு மணிக்குத்தான் எழுந்து வருவாங்களாம். அந்தப் பழக்கம்.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. பக்கத்து வீட்டு எஸ்தர் அத்தை நடுவில் வந்தாங்க.

எங்களுக்கு ஒன்றும் சொந்தம் கிடையாது, இந்த லைன் வீடுகளில் எல்லோருக்கும் அவங்க அத்தைதான். ஒரு நாள் காலை நான் சக்கரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருக்கும்போது வந்தாங்க. கையில் கணப்புச் சட்டி. அது இல்லாமல் குளிர்காலத்தில் அவங்களைப் பார்க்க முடியாது. கங்கு போட்ட சட்டியை மூன்றாவது கை மாதிரி தூக்கிக்கொண்டே திரிவாங்க.

"சுகிர்தா, மிஷினுக்குள்ள ஏதோ தடை இருக்கு. ஜெபிக்கணும்."

"தடை எல்லாம் இல்ல அத்தை. ஏதோ மாட்டியிருக்கு."

"ரெண்டும் ஒண்ணுதான்டி."

உடைந்த கூரை ஓட்டுத்துண்டு ஒன்றை மிஷின் பலகையில் வைத்து, அதன்மேல் சட்டியை வைத்தாங்க. மிஷினை ஒட்டி. கை விறைத்திருந்தால் ஜெபம் வராதாம். கையைச் சூடு காட்டிவிட்டு, மிஷின்மேல் வைத்து, கண்ணை மூடி ஆரம்பித்தாங்க. மிஷினில் ஆரம்பித்தது. அங்கிருந்து என் படிப்பு. அங்கிருந்து துபாயில் இருக்கிற மருமகன், அவன் கம்பெனி, கம்பெனி முதலாளி, முதலாளிக்கு இருக்கிற சர்க்கரை நோய். ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி மிஷினுக்கு வந்து ஆமென் சொல்ல அரை மணி நேரம் ஆயிற்று. "இப்ப மிதி" என்றாங்க.

மிதித்தேன். ஓடியது அக்கா. காலை ஒன்பது மணிக்கு.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? மறுநாளும் வந்தாங்க, அதே மாதிரி ஓடியது. அதற்கு மறுநாளும். லைன் முழுக்கச் செய்தி பரவி, ஒருத்தர் மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வந்தார், ஒருத்தர் டிவி ரிமோட்டை. மிக்ஸி ஓடவில்லை. மிக்ஸிக்காரருக்கு விசுவாசம் பத்தாது என்று அத்தை சொல்லிவிட்டாங்க. ரிமோட்டைச் சட்டிக்கு ரொம்பப் பக்கத்தில் வைத்து அதன் ஒரு மூலை வளைந்துபோயிற்று. அன்றைக்கு அத்தை சட்டியோடு சீக்கிரமே வீட்டுக்குப் போய்விட்டாங்க.

நானும் ஜெபித்துப் பார்த்தேன். ஏன், நானும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவள்தான். அத்தைக்கு முன்னால் எழுந்து, தனியாக, இந்த இரும்பின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு முட்டிபோட்டேன். மிஷினுக்காக மட்டுந்தான் கேட்டேன், துபாய் பக்கமே போகவில்லை. கை மரத்துப்போனதுதான் மிச்சம். அத்தை சொன்னால் கேட்கிற ஆண்டவர் நான் சொன்னால் ஏன் கேட்கவில்லை? நேராகப் போதகரிடமே போய்க் கேட்டேன். பொறுமையாக இரு மகளே என்றார். பொறுமை இருந்தால் நான் பள்ளிக்கூடத்தை விட்டிருப்பேனா?

போன வாரத்துக்கு முந்தின வாரம், கோயிலில் பெண்கள் கூட்டத்தில், ஆண்டவர் தன் ஜெபத்தைக் கேட்டார் என்று அத்தை சாட்சி சொன்னாங்க. எழுந்து நின்று, மைக்கைப் பிடித்து, "படிப்பும் போய், ஒரு தொழிலும் வராம, திக்கில்லாம நின்ன ஒரு பிள்ளைக்காக" என்று. பேர் சொல்லவில்லை. எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். மறுநாள் காலை சட்டியோடு வந்தாங்க. வாசலிலேயே நிறுத்தினேன்.

"திக்கில்லாம நிக்கிறவளுக்கு உங்க ஜெபம் வேணாம் அத்தை. சட்டியை எடுத்துட்டுப் போங்க."

"நான் நல்லதுக்குத்தானடி சொன்னேன்."

"மைக்லயா?"

போய்விட்டாங்க. அதோடு காலை ஓட்டம் போயிற்று. பன்னிரண்டரை மணி ஓட்டம் மட்டும் இருந்தது, அதை வைத்துக்கொண்டே எண்ணி எண்ணித் தைத்தேன். முடித்திருப்பேன். ஆனால் நாலு நாளாகப் பன்னிரண்டரைக்கும் எழுந்திருக்கவில்லை. நாலு நாளாக மூடுபனி வேறு, வெயிலே கண்ணில் படவில்லை, அந்த எரிச்சல் ஒரு பக்கம். எனக்குச் சந்தேகம், அத்தை அவங்க வீட்டில் உட்கார்ந்துகொண்டே எதிர்ஜெபம் ஏதாவது செய்கிறாங்களோ என்று.

இவ்வளவுதான் அக்கா. இப்போது சொல்லுங்க, காலையில் ஓடாத, பனியில் ஓடாத, அத்தை சொன்னால் மட்டும் ஓடுகிற மிஷினை யாராவது வாங்குவார்களா? நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

என்னது?

மேஜையா?

குன்னூரில் காபிக் கடையா உங்களுக்கு. சரி. மிஷினின் தலையைக் கழற்றிவிட்டு, இந்த இரும்புக் காலின்மேல் பளிங்குக் கல் போட்டு மேஜை. அதில் கேக் வைத்துச் சாப்பிடுவார்கள். அப்படியானால் ஓடுகிறதா இல்லையா என்பது உங்களுக்கு... ஆமாம். ஒன்றும் இல்லை. முதலிலேயே சொல்லியிருக்கலாமே, நான் தொண்டை கிழியப் பேசியிருக்க மாட்டேன். தலையை என்ன செய்வீங்க? வாசலில் வைத்துப் பூச்செடியா. நல்லது. நன்றாகத்தான் இருக்கும்.

இல்லை, நான் அழவில்லை. மூக்கு, குளிரில் இப்படித்தான் ஆகும்.

கேளுங்க, என்ன?

தேங்காய் எண்ணெய் வாசம் வருகிறதா? வரும். சொன்னேனே, நான்தான் ஊற்றினேன். பாட்டிலா? பாட்டிலில் உறைந்துதான் இருக்கும், இந்த ஊரில் மார்ச் வரைக்கும் அப்படித்தான். ஆமாம், வெந்நீரில் வைத்தால்தான் உருகும். ஊற்றினால் உள்ளே போகும். உள்ளே போனால்...

ஒரு நிமிஷம் இருங்க.

உள்ளே போனால் என்ன ஆகும் என்று கேட்கிறீங்க. உள்ளேயும் அதே குளிர்தானே.

மறுபடியும் சொல்லுங்க. வேண்டாம், சொல்லாதீங்க. புரிந்துவிட்டது. வெயில் பட்டால். கணப்புச் சட்டியை ஒட்டி வைத்தால். நான் இரண்டு மாதமாக ஒரு நாளைக்கு இரண்டு தடவை... ஐயோ, அந்த மெக்கானிக்குக்குக்கூட மோப்பம் பிடிக்கத் தெரியவில்லையா? நான் ஆறாம் வகுப்பிலேயே நின்றிருக்கலாம், ஐந்து வருஷமாவது மிச்சமாகியிருக்கும்.

மணி என்ன? பத்து ஐந்தா? அக்கா, டீயைக் குடித்துக்கொண்டிருங்க. எனக்கு அந்தச் சட்டி வேண்டும். எங்கள் வீட்டில் கேஸ் அடுப்புதான். லைனில் காலை நேரத்தில் கங்கு இருக்கிற ஒரே வீடு அவங்க வீடு. போய்க் கேட்டுத்தான் ஆக வேண்டும். நான் இப்படி யார் வாசலிலும் போய் நின்றதில்லை. போய்விட்டு வருகிறேன்.

வந்துவிட்டேன். பின்னால் அவங்களும் வருகிறாங்க. என்ன கேட்டாங்க தெரியுமா? "ஜெபம் வேணாம், சட்டி மட்டும் வேணுமாடி?" என்று. நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், எண்ணெய், உறைந்தது, சூடு, எல்லாம். உங்க ஜெபம் இல்லை அத்தை, உங்க சட்டிதான் என்றும் சொல்லிவிட்டேன். கோபப்படுவாங்க என்று பார்த்தால், "அந்தச் சட்டியைத் தூக்கிட்டுப் போன்னு என்னை ஏவினது யாரு?" என்கிறாங்க. இது ஜெபமா, சட்டியா? நீங்களே சொல்லுங்க.

அத்தை, இப்படி வாங்க, பலகையில வைங்க. இன்னும் ஒட்டி. இவங்க குன்னூர் அக்கா, மிஷினை மேஜையாக்க வந்திருக்காங்க. ஜெபம் பண்றதுன்னா பண்ணுங்க, கண்ணை மூடிக்கிட்டுச் சட்டியைத் தள்ளிவிடாதீங்க. அக்கா, அந்த விசிறியை எடுத்துக் கங்கை விசிறுங்க. சாம்பல் பறக்கும், உங்க கோட்டு போனால் போகட்டும், துவைத்தால் வந்துவிடும்.

கேட்டீங்களா ஜெபத்தை? "இந்தச் சகோதரிக்கு வேற நல்ல மேஜையைக் காட்டும் ஆண்டவரே" என்கிறாங்க. முகத்துக்கு நேராகவே. எனக்கு மைக் பிடிக்கிற அத்தையைவிட இந்த அத்தையைப் பிடித்திருக்கிறது.

மணி பத்து இருபத்தெட்டு. சக்கரத்தைத் தொட்டுப் பார்க்கிறேன். அசைகிறது. இன்னும் கொஞ்சம். அசைகிறது அக்கா, இங்கே பாருங்க, அடியில் வெள்ளையாக உருகி வழிகிறது. அடை அடையாக இருந்திருக்கிறது உள்ளே. வெட்கக்கேடு. இதை அப்புறம் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவிக்கொள்ளலாம். இப்போது ரஜாயைக் கொண்டுவாங்க. கனம் இழுத்தால் தையல் கோணும், அந்தப் பக்கத்தை நீங்க கையில் தாங்கிக்கொள்ளுங்க. குழந்தையைத் தூக்குகிற மாதிரி. இழுக்காதீங்க, நான் போகிற வேகத்துக்கு விட்டுக்கொண்டே வாங்க.

ஒன்று. நேராக வந்திருக்கிறதா? பரவாயில்லை என்று சொல்லாதீங்க, நேரா கோணலா? கோணல். சரி, போகட்டும், படுக்கிறவர்களுக்குத் தெரியாது. இரண்டு. அத்தை, துபாய்க்குப் போகாதீங்க, மிஷின்லயே இருங்க. மூன்று. பாபினில் அடிநூல் தீர்ந்தது. இருங்க, இன்னொன்று சுற்றி வைத்திருக்கிறேன். நாலு. நாலுதானே? நீங்க எண்ணுங்க, நான் ஊசியைப் பார்த்துக்கொள்கிறேன். ஐந்து.

கேட்கிறதா? கேரட் வண்டிச் சத்தம். வளைவில் இறக்கிவிடுவார்கள், படி ஏறி வர ஐந்து நிமிஷம். அம்மா நாலு நிமிஷத்தில் ஏறுவாள். ஆறாவது வரி பாதியில் இருக்கிறது.

அக்கா, உங்களிடம் ஒன்று கேட்பேன். மாட்டேன் என்றால் மாட்டேன் என்று சொல்லிவிடுங்க. வெளியே போய்ப் படியிலேயே அம்மாவைப் பிடித்து விலை பேச ஆரம்பிங்க. எவ்வளவு என்று கேளுங்க, அதிகம் என்று சொல்லுங்க. அம்மாவால் பேரத்தை விட்டுவிட்டு உள்ளே வர முடியாது, காய்கறிக் கடையில் நான் மணிக்கணக்கில் பை தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறேன். பேரம் படிந்துவிடக் கூடாது, அதுதான் முக்கியம். அவள் விலையில் இறங்கி வந்தால் நீங்களும் இறங்குங்க. வாங்குவதாகவே இருந்தால்... அதை அவள் ரஜாயைப் பார்த்த பிறகு சொல்லுங்க. அது உங்கள் இஷ்டம். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இல்லை, சொல்கிறேன். வேண்டாம் அக்கா. வாங்காதீங்க.

ரஜாயை அத்தை தாங்கிக்கொள்வாங்க. அத்தை, கண்ணைத் திறங்க, இந்த ஓரத்தைப் பிடிங்க. ஆமென் அப்புறம் சொல்லிக்கலாம்.

போகிறீங்களா? போங்க. அக்கா, கதவைச் சாத்திவிட்டுப் போங்க, சூடு போய்விடும்.